பின்னால் ஆள் வேண்டாம் என்றவன்

ரூபன் டாட் காலுறை பின்னும் தறிக்காரன். எங்கள் நாட்டிங்ஹாம் அணிக்கு விக்கெட் கீப்பரும் அவன்தான். அவன் கையில் சிக்காத பந்தைப் பின்னால் நின்று தடுப்பது பதினோரு வருஷமாக என் வேலை. அந்தக் காலத்தில் எல்லாக் கீப்பருக்கும் பின்னால் ஒருத்தன் உண்டு, அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிறகு எவனோ ஓர் ஆஸ்திரேலியாக்காரன் பின்னால் ஆளில்லாமலே நின்று காட்டினான். பிடித்தது சனி, பின்னால் ஆள் கேட்கிற கீப்பர் மட்டம் என்று ஆகிவிட்டது.

அந்தக் குளிர்காலம் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குப் போகிற கப்பலில் ஒரே ஒரு கீப்பருக்குத்தான் இடம். லண்டனில் ஆஸ்திரேலியர்களோடு எங்கள் ஆட்டம் முடிந்ததும் பெயரைச் சொல்வார்கள். முந்தின வாரமே ரூபனின் இடது நடுவிரல் முறிந்திருந்தது. அவன் மனைவி கெசியாவுக்கும் எனக்கும் மட்டுமே அது தெரியும்.

அடி தாங்கக் கையுறைக்குள் பச்சை மாட்டிறைச்சித் துண்டு வைத்துக்கொள்வான். ஆட்டம் முடிந்தால் வீட்டில் அதுவே வறுவல்.

"நல்லா அடி வாங்கட்டும் ரூபன், சீக்கிரம் வேகும்!" என்றான் பந்துவீச்சாளன். எப்போதும் இதற்குச் சிரிக்கிற ரூபன் அன்று சிரிக்கவில்லை.

ஆஸ்திரேலியர்களுக்குக் கடைசி விக்கெட். ஜெயிக்க மூன்று ரன்.

"டாட், ஆமோஸைப் பின்னால அனுப்பட்டுமா?" என்று கேப்டன் கேட்டார்.

"வேண்டாம் துரை. நான் பாத்துக்கறேன்."

நான் அருகே போய், "கிறுக்கா, அந்த விரலோடயா?" என்றேன்.

"வாயை மூடு ஆமோஸ். என் சோத்துல மண்ணைப் போடாதே."

கேப்டன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, நானும் வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்றேன்.

பந்து மட்டையைத் தாண்டி அவன் கையுறையில்தான் விழுந்தது. விரல் மூடவில்லை. நழுவி எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டது. நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் வெறும் புல்தான் இருந்தது.

கப்பலில் வேறொருவன் போனான். விரல் கோணலாகவே கூடியது, மடங்கவில்லை. தறியும் போயிற்று. இப்போது கெசியாதான் ஊரார் துணியைத் துவைக்கிறாள். அவன் சட்டைப் பொத்தானையும் அவளே போட்டுவிடுகிறாள்.

ஞாயிறுதோறும் போகிறேன். ஞாயிறுதோறும் அதே கேள்விதான்.

"ஆமோஸ், நீ பின்னால நின்னிருந்தா தடுத்திருப்பியா?"

"என்ன வேகம்டா அது! எவனாலயும் முடியாது."

அவன் முகம் கொஞ்சம் தெளியும். தேநீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத் தூக்குவான்.

அந்தப் பந்து உருண்டுதான் போனது. நான் பின்னால் நின்று குனிந்திருந்தால் என் கைக்கு வந்திருக்கும்.