இரும்பா, பாதரசமா

ஜவ்வாது மலை வானாய்வகத்தில் நான் இருந்த மூன்று வருடங்களில் என் வேலை என்னவென்று ஒருவருக்குக்கூட ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. நட்சத்திரங்கள் பிறப்பதை ஆராய்கிறேன் என்று சொன்னால் போதும், ஆலங்காயம் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் உடனே தன் மகள் பிறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, நட்சத்திரம் சரிதானா என்று கேட்பார். அதில்லைங்க, நட்சத்திரமே பிறக்கிறது என்று சொன்னால், "அதுக்கு இன்னா நட்சத்திரம்?" என்பார். முதல் வருடம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

உண்மையில் விஷயம் அவ்வளவு சிக்கலானதல்ல. வானத்தில் சில இடங்களில் வாயுவும் தூசியும் மேகமாகக் கிடக்கின்றன. அந்த மேகம் தன் எடை தாங்காமல் உள்ளே சரிந்து, நடுவில் சூடேறி, நட்சத்திரமாகிறது. மிச்சமிருக்கும் தூசி அதைச் சுற்றித் தட்டையாகச் சுழலும், அதிலிருந்துதான் கோள்கள் உருவாகின்றன என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எழுபதுகளின் கடைசியில் அது பெரும்பாலும் கணக்குதான், கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஒரு நட்சத்திரம் பிறந்து முடிவதற்குள் மனித குலமே வந்து போய்விடலாம். அதனால் ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. போளூர் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை, கிழவர் எல்லாரையும் பார்த்துவிடலாம், மனிதன் எப்படி வளர்கிறான் என்று புரிந்துவிடும். நாங்களும் அப்படித்தான் வெவ்வேறு வயதிலிருக்கும் நட்சத்திரங்களைத் தேடிப் பார்த்தோம்.

என்னுடையது கைக்குழந்தை. கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே ஒரு கருமேகத்தின் ஓரத்தில் இருந்தது. தொலைநோக்கியில் விழும் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் பதிவு செய்வேன். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கோடுகளைத் தட்டில் விட்டுச்செல்லும். எந்தக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் அளந்தால், அந்த நட்சத்திரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது, அது உள்ளே விழுகிறதா வெளியே பாய்கிறதா என்று சொல்லிவிடலாம்.

அந்த வருடம் ஜூனில் என் ஆராய்ச்சி உதவித்தொகை முடிகிறது. ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் நீட்டிப்புக் கேட்க முடியும் என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். அப்பாவோ போளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அவர் கெட்டவரல்ல. பெண் ராத்திரியெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறாள் என்று உறவுக்காரர்களிடம் சொல்லச் சங்கடப்பட்டார், அவ்வளவுதான். எனக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை. இந்த வேலையை விட்டு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை.

மாசி மாதம் எடுத்த ஒரு தட்டில் அந்தக் கோடு வந்தது. தட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் தெரியும். நீலப் பகுதியில் பளிச்சென்று ஒரு கறுப்புக் கோடு. அளந்து பார்த்தேன், இரும்பு. மிக மெல்லிய வாயுவில் மட்டுமே ஒளிரக்கூடிய வகை இரும்பு. இதே நட்சத்திரத்தை முந்தைய மாதம் எடுத்த தட்டில் அது இல்லை. அப்படியென்றால் நட்சத்திரத்தைச் சுற்றி ஏதோ புதிதாகக் கிளம்பியிருக்கிறது! அன்றைக்குக் காலைச் சாப்பாட்டில் கேண்டீன்காரர் போட்ட உப்பில்லாத பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த வழிகாட்டிக்கும் பிடித்துப்போயிற்று. கட்டுரையை எழுதிக் கொடு, மாதக் கடைசியில் அனுப்பிவிடலாம் என்றார். வாயிலிருந்து பாராட்டு அவ்வளவு லேசில் வராத மனிதர். எழுதத் தொடங்கினேன்.

படம் போடுவதற்காகத் தட்டை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஊதா ஓரத்தில், கருவி சரியாக எடுக்காத பகுதியில், கோடு என்று சத்தியம் செய்ய முடியாத ஒரு மங்கல். அதை அளந்தேன். மறுபடி அளந்தேன். அந்த இடம் பாதரசத்தினுடையது. பாதரசத்துக்கு நீலத்திலும் ஒரு கோடு உண்டு. அது என் இரும்புக் கோட்டுக்கு மயிரிழை தள்ளி விழும், எங்கள் கருவியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நட்சத்திரத்தில் பாதரசம் அப்படி ஒளிராது. பாதரசம் ஒளிர்வது டியூப் லைட்டில்.

எங்கள் வளாகத்தில் இருட்டியபின் வெளிவிளக்கு எரியக் கூடாது என்பது சட்டம். தொலைநோக்கியின் கூரையான டோமைச் சுழற்றும் உதவியாளர் ஆலங்காயத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவரிடம், அன்றைக்கு எங்கேயாவது டியூப் லைட் எரிந்ததா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில எரிஞ்சிருக்கும்மா. அன்னிக்கு ஒரு பிரசவ கேஸ் வந்துச்சு."

ஆஸ்பத்திரி என்றால் மேற்குச் சரிவில், மலை ஊர்க்காரர்களுக்காகப் புதிதாகத் திறந்திருந்த ஓர் அறையும் தாழ்வாரமும். மின்சாரம் எங்கள் இணைப்பிலிருந்துதான் போயிற்று. தாழ்வாரத்தில் ஒரு டியூப் லைட், கேஸ் வந்தால் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி. மாலையில் என் நட்சத்திரம் இறங்குவதும் அதே மேற்குப் பக்கம்தான்.

வழிகாட்டியிடம் சொன்னேன். மங்கலை அவரும் பார்த்தார். இது ஒன்றுமில்லை, தட்டில் அழுக்காகக்கூட இருக்கலாம், அனுப்பு, அடுத்த வருடம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல யோசனைதான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. டியூப் லைட் எரியாத நாளில் இன்னொரு தட்டு எடுத்து, இரும்புதான் என்று நிரூபித்துவிட்டே அனுப்புகிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரும்புதான் என்று நம்பவும் செய்தேன்.

ஆனால் பங்குனி பிறந்துவிட்டது. சாமை விதைப்பதற்காகச் சரிவுகளில் காட்டைக் கொளுத்தும் காலம். நாளுக்கு நாள் நட்சத்திரம் சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது, மேற்கே ஒரே புகை. எனக்கு ஒதுக்கிய நாட்கள் ஒவ்வொன்றாகப் புகையிலேயே போயின. கடைசி நாள் ஒரு மழை பெய்து வானத்தைக் கழுவிவிட்டது. இருட்டியதும் ஒரு மணி நேரம் கிடைக்கும், அதற்குள் நட்சத்திரம் மரங்களுக்குள் இறங்கிவிடும், அப்புறம் சில மாதங்களுக்குச் சூரியனின் பின்னால்தான். தட்டை எடுத்துத் தயாராக வைத்துவிட்டுச் சரிவைப் பார்த்தால், தாழ்வாரத்தில் டியூப் லைட் எரிகிறது.

ஓடினேன். அறைக்குள் ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். டோலி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். உள்ளே இருந்த பல்பு போன வாரமே போய்விட்டதாம், தாழ்வாரத்து வெளிச்சம் கதவு வழியாக விழுந்ததில்தான் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே, "அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

வெளியே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் நாத்தனார் எழுந்துவிட்டாள். "புள்ள பொறக்குற எடத்துல வந்து வெளக்க அணைன்றியே, நீயெல்லாம் இன்னா பொம்பள?"

வெளிச்சம் போய்விடும் என்பதற்காக மட்டும் அவள் கோபப்படவில்லை. விளக்கை அணை என்று எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள், அமர்த்து என்பார்கள். அதுவும் பிரசவம் நடக்கும் இடத்தில் அந்த வார்த்தை சாவுக்குச் சமம். போளூரில் வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் நாக்கு புரண்டுவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டே வந்ததையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "மேடம், உங்க நட்சத்திரம் நாளைக்கும் வரும்ல?"

"வராதுங்க. இன்னிக்கோட கடைசி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "வெளக்கு எரியணும். மத்தது நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் இருட்டறையில் கனமான கறுப்புத் துணி சுருள் சுருளாகக் கிடந்தது. உதவியாளரும் நானும் தூக்கி வந்தோம். பெண்ணின் புருஷன் எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். தாழ்வாரத்தின் தூண்களுக்கிடையே, மேலிருந்து தரை வரைக்கும் இழுத்துக் கட்டினோம். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. உள்ளே வெந்நீர் அடுப்பின் புழுக்கத்தில் மூச்சு முட்டியது. நாத்தனார் முந்தானையால் விசிறிக்கொண்டே என்னை முறைத்தாள். "ஒரு மணி நேரந்தான், அப்புறம் கிழிச்சுப் போட்ருவேன்" என்றார் நர்ஸ் உள்ளேயிருந்து.

டோமுக்குத் திரும்பி, நட்சத்திரத்தைப் பிடித்து, தட்டைத் திறந்தேன். மரக்கிளை மறைக்கும் வரைக்கும் விடவில்லை. மூடும்போது சரிவிலிருந்து குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று துணியை அவிழ்க்கப் போன உதவியாளர் வந்து சொன்னார்.

காலையில் தட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் சந்தோஷப்பட்டேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் கோடுகள், கால்சியம் கோடுகள் எல்லாம் ஊசியால் கீறினதுபோல நின்றன. அப்புறம்தான் நீலப் பகுதிக்குப் பார்வை போனது. அங்கே ஒன்றுமில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் பழைய தட்டை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இரும்புக் கோடு ஒரு மாதத்தில் தானாக மறைந்திருக்கலாமே என்று கொஞ்ச நேரம் என்னோடு நானே வாதாடினேன். ஊதா ஓரத்து மங்கலும் கூடவே மறைந்திருந்தது. இரும்பு மறைந்தால் அது ஏன் மறைய வேண்டும்? இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வழிகாட்டி இரண்டு தட்டுகளையும் பார்த்துவிட்டுக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். நீ செய்தது சரி என்றார். நீட்டிப்பு கிடைக்கவில்லை.

ஜூனில் உதவியாளர்தான் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் வந்தார். வழியெல்லாம் எதையோ மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. பெட்டியைப் பேருந்தின் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கி வந்து ஜன்னலோரம் நின்றார்.

"ஏம்மா, அன்னிக்கு நாம அந்தத் துணியக் கட்டாம வுட்டிருந்தா, அந்தக் கோடு வந்திருக்கும் இல்ல?"

"வந்திருக்கும்ணா" என்றேன்.