ஆண்கள் முகாமுக்குத் துப்பாக்கி தெரிவு செய்தது

துப்பாக்கிக்குப் பயந்துதான் இந்த நாட்டுக்கு வந்தேன் என்று, இளவயதில், ஒரு ஜெர்மன் அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறேன். அழுகையில் பாதி உண்மை. மற்றப் பாதியை மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொண்டார். அந்த அழுகையின் தயவில் வேலை, வீடு, கடவுச்சீட்டு, இரத்தக்கொதிப்பு எல்லாம் கிடைத்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு, டுசல்டோர்ஃபுக்கு வெளியே ஒரு வீட்டின் கெல்லரில், அதாவது நிலவறையில், நின்றுகொண்டு, எங்கள் சபையின் ஆண்கள் முகாமுக்கு எந்தெந்தத் துப்பாக்கிகளைக் கொண்டுபோகலாம் என்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது பாஸ்டரின் யோசனை. பெண்களின் முகாமுக்கு ஒவ்வொரு வருடமும் இடம் போதாமல் சண்டை நடக்கும். ஆண்களின் முகாமுக்கு ஆள் பிடிக்கவேண்டும். போன வருடம் 'தகப்பன்மாரே, எழும்புங்கள்' என்று தலைப்பு வைத்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன்னர் ஒருவரும் எழும்பவில்லை. இந்த முறை ஒரு பின்னேரம் துப்பாக்கி சுடுதல் என்று வட்ஸ்அப்பில் போட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைச் சபை வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறவர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள். எல்லாரும் என்னைப் போலத் துப்பாக்கிக்குப் பயந்து வந்தவர்கள்.

துப்பாக்கிகள் எங்கள் ஆண்கள் ஐக்கியத் தலைவருடையவை. அவர் தன் ஊர்ச் சூட்டுக் கழகத்தில் பல வருட உறுப்பினர். கழகத் திருவிழாவில் பச்சை ஜாக்கெட்டும் தொப்பியில் இறகுமாகப் பேண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் நடந்து போகும் ஒரே தமிழர். முறைப்படி அனுமதி அட்டை, கெல்லரில் இரும்புப் பெட்டகம், பெட்டகத்துக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை. கழகத்தின் சூட்டு மைதானத்தை ஒரு சனிக்கிழமைக்கு அவர்தான் கேட்டு எடுத்திருந்தார். தெரிவுக் குழுவில் பாஸ்டர், சபைப் பொருளாளர், தலைவர், நான். நான் புத்தகம் வாசிக்கிறவன் என்பதால் சேர்த்துக்கொண்டார்களாம். வாசிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று வாசிக்காதவர்கள்தான் நம்புகிறார்கள்.

ஐந்தாவது ஆள் அண்ணை. அவரைத்தான் நிபுணராக அழைத்திருந்தோம்.

அண்ணை யுத்தம் முடிந்த பிறகு மகளோடு வந்து சேர்ந்தவர். அறுபதை நெருங்கியவர். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். சபையில் கடைசி வரிசை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பேசமாட்டார். எங்கள் ஆட்களுக்கு நொண்டுகிற காலும் பேசாத வாயும் ஒருவரிடமே சேர்ந்து இருந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம். இயக்கத்தில் பெரிய ஆளாக இருந்தவர் என்று, அவர் வந்த முதல் மாதமே முடிவாகிவிட்டது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்களிடம் அதையெல்லாம் கேட்பது எங்களுக்குள் மரியாதை இல்லை. அவர் கோப்பிக் கோப்பையோடு வந்தால் எழும்பிக் கதிரை கொடுத்தோம். அவர் இருமினால், காட்டில் பட்ட கஷ்டம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த மரியாதையின் மேல்தான் ஒரு கலியாணமும் நின்றது. அண்ணையின் மகளும் தலைவரின் மகனும் விரும்பியிருந்தார்கள். தலைவரின் வீட்டார் எந்தப் பகுதி ஆட்கள் என்று மட்டும் ஊரில் விசாரித்தார்கள். விசாரித்த இடத்தில் கொஞ்சம் இடித்தது. எது இடித்தது என்று நான் எழுதத் தேவையில்லை. நாங்கள் எல்லாரும் கர்த்தருக்குள் ஒன்று, ஊர் வேறு. ஆனாலும் தலைவர் இறங்கி வந்தார். "அந்த மனுசன்ரை காலைப் பார்த்துத்தான் நான் ஓம் எண்டனான்," என்று என்னிடமே சொன்னார். இலையுதிர் காலத்துக்கு மண்டபமும் எடுத்தாகிவிட்டது.

கெல்லரில் தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து, அரிசி மூட்டைக்கு முன்னால் விரித்திருந்த பழைய போர்வையில் வைத்தார். ஒரு காற்றுத் துப்பாக்கி. சிறிய குண்டு போடுகிற ரைபிள். ஒரு பிஸ்டல். கடைசியாக, உலக யுத்த காலத்துப் பழைய இராணுவ ரைபிள். மரப்பிடி, கிழட்டு மாடு மாதிரிப் பாரம்.

பாஸ்டர் பிஸ்டலைப் பார்த்து, "உது வேண்டாம் பிரதர். உது களவெடுக்கப் போற ஆக்கள் வைச்சிருக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

"அப்ப உந்தப் பெரிசு?"

"அது பரவாயில்லை. அதிலை ஒரு பக்தி இருக்கு."

பொருளாளர் காற்றுத் துப்பாக்கியைத் தொட்டு, "இது சின்னப் பிள்ளையள் சுடுறதெல்லோ? எங்களைக் கேவலப்படுத்திறியளோ?" என்றார். அவர் வாழ்நாளில் நுளம்புக்கு மருந்து அடித்ததைத் தவிர வேறு எதையும் குறி வைத்தவர் அல்ல. நான் சிறிய ரைபிளை எடுத்து, பாரம் பார்க்கிறவன்போல் ஏற்றி இறக்கி, "சமநிலை நல்லா இருக்கு," என்றேன். என்ன சமநிலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நாங்கள் கதைச்சு என்ன," என்றார் தலைவர். "தெரிஞ்ச ஆள் இருக்கேக்கை. அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உதிலை எது திறம்?"

அண்ணை போர்வையைப் பார்த்தார். மீன் சந்தையில் சைவக்காரன் நிற்பதுபோல நின்றார். பிறகு காற்றுத் துப்பாக்கியைக் காட்டி, "இது பாரமில்லாமல் இருக்கும் போலை," என்றார்.

நாங்கள் சிரித்தோம். பெரியவர்களின் பகிடிக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"விடுங்கோ அண்ணை பகிடியை," என்று தலைவர் பழைய ரைபிளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "ஒருக்காத் தோளிலை வைச்சுக் காட்டுங்கோ. இவையளும் பாக்கட்டும். உங்கடை கை மறந்திருக்காது."

அண்ணை அதை வாங்கினார். குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் அடியில் ஏந்தினார். தோளில் வைக்க முயன்றபோது பிடி அக்குளுக்குள் போயிற்று; குழாய் பாஸ்டரின் வயிற்றைப் பார்த்தது. பாஸ்டர் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றார்.

"அண்ணை," தலைவரின் குரல் மாறியிருந்தது. "நீங்கள் அங்கை என்ன செய்தனீங்கள்?"

"எங்கை?"

"அங்கை. இயக்கத்திலை."

"நான் இயக்கத்திலை இருக்கேல்லைத் தம்பி. பேக்கரியிலை நிண்டனான். பாண் போடுறது."

"அப்ப கால்?"

"அது பாண் ஏத்திற வானாலை விழுந்தது."

பொருளாளர்தான் முதலில் வாய் திறந்தார். "பாண் வானாலை விழுந்த ஆளுக்கோ நாங்கள் இவ்வளவு காலமும் கதிரை விட்டனாங்கள்?"

"நீங்கள் ஏனையா இதைச் சொல்லேல்லை?" என்றார் தலைவர். கவனித்தேன்: 'அண்ணை' போய், அந்நியருக்குச் சொல்கிற 'ஐயா' வந்துவிட்டது.

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

ஒரு மனிதர் ஒருவரையும் கொல்லவில்லை என்பதற்காக ஒரு சபை மூப்பர் குழு அவர்மேல் கோபப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, நானும் கோபப்பட்டேன். எத்தனை தரம் நான் எழும்பி அவருக்குக் கோப்பி ஊற்றியிருப்பேன்.

தலைவர் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அண்ணையைப் பார்க்காமலே, "கலியாண விசயம் முகாம் முடியட்டும், பிறகு கதைப்பம்," என்றார்.

அண்ணைக்கு விளங்கிவிட்டது. படியேறப் போனவர் திரும்பி நின்று, "நான் பழகிறன் தம்பி," என்றார். "முகாமிலை சுட்டுப் பழகிறன். உது அவ்வளவு கஸ்டமில்லைத்தானே?"

பொருளாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "வாங்கோ. பாப்பம்," என்றார்.

பிஸ்டலை விட்டுவிட்டு மற்ற மூன்றும் போயின. சனிக்கிழமை பின்னேரம், கழகத்தின் மேற்பார்வையாளர், காதில் மூடிகளோடு, எங்களை வரிசையில் நிறுத்தினார். முறை வரும்போது ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு துப்பாக்கி, ஐந்து குண்டு. யாருக்கு எது என்பதைத் தலைவர் தீர்மானித்தார். பொருளாளருக்குச் சிறிய ரைபிள். எனக்குக் காற்றுத் துப்பாக்கி. புத்தகம் வாசிக்கிற கைகளாம். அண்ணைக்குப் பழைய இராணுவ ரைபிள். அது தோளை உதைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் ஒரு தரம், "இந்த ஆளுக்கு இதுவா?" என்று ஜெர்மனில் கேட்டார். அவராகக் கேட்டு எடுத்தது என்று தலைவர் பதில் சொன்னார்.

விஷயம் அதற்குள் முகாம் முழுக்கப் பரவியிருந்தது. அண்ணை நிலை எடுத்தபோது பின்னால் யாரோ, "பாண் வேகுது, தள்ளி நில்லுங்கோ," என்றார்கள். முதல் வெடியில் அண்ணை இரண்டடி பின்னால் வந்தார். நொண்டுகிற கால் தாங்கவில்லை, மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார். இலக்குத் தாளில் ஒன்றும் இல்லை. பின் வரிசையில் ஒருவர், "அல்லேலூயா," என்றார். இரண்டாவது வெடிக்கு நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவதுக்கு எல்லாரும், பாடகர் குழுவைப் போல. பாஸ்டர், "காணும், நிப்பாட்டுங்கோ பிரதர்மாரே," என்றார்; ஆனால் வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. நான் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்கு உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

தலைவரின் மகன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிப்பில் அவன் கை ஆடியது. அண்ணை திரும்பியபோது அவனைத்தான் முதலில் பார்த்தார்.

பிறகு வெளியே சொசேஜ் சுட்டார்கள். அண்ணை தட்டு எடுக்காமல் நேரே தலைவரிடம் போனார். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் பிடித்திருந்தார்.

"கலியாணம் வேண்டாம்," என்றார்.

தலைவர் அதே வசனத்தைத்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல வைத்திருந்தார். அது தன் வாயில் இருந்து வராமல் எதிரில் இருந்து வந்ததும் மனிதர் சிவந்துபோனார். "ஆர் வேண்டாம் எண்டு சொல்றது?"

"நான். உங்கடை பொடியன் சிரிச்சவன்."

"என்ரை மகனை வேண்டாமெண்டு சொல்ல நீர் ஆர்? பாண்காரன்."

"ஓம். பாண்காரன்தான்," என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, என்னை வீட்டிலை விடேலுமோ?" என்று கேட்டார். முகாம் ஞாயிறு மத்தியானம் வரை இருந்தது. ஆனால் எனக்கும் பொது அறையில் குறட்டையோடு படுக்க விருப்பமில்லை. சம்மதித்தேன். அதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருக்கலாம், நான் திருத்தவில்லை.

காரில் அவர் மகளிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்தார். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். "அவள் அழுவாள்," என்றார். "அழட்டும். தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிறவன் நாளைக்கு அவளைப் பார்த்தும் சிரிப்பான். சரிதானே தம்பி?" நான் ஓம் என்றேன். பல வருடங்களில் அந்த மனிதருக்கு நான் யோசித்துச் சொன்ன முதல் பதில் அது.

மகள் கதவைத் திறந்தாள். தாதிமார் படிப்பின் சீருடையிலேயே இருந்தாள். கையில் கைத்தொலைபேசி. அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், காரில் பழகியதில் முதலாவது விதத்தைச் சொன்னார்: கலியாணத்தை நிறுத்திவிட்டேன், பொடியன் சரியில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தவன்.

அவள் அழவில்லை. "வீடியோ எனக்கும் வந்ததப்பா," என்றாள். "எல்லாருந்தானே சிரிச்சது. நானும் சிரிச்சனான். நீங்கள் பின்னாலை போன விதம் அப்பிடி." அதை நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு வந்து, வாயைக் கையால் மூடினாள். "அவர் போன் எடுத்தவர். தன்ரை அப்பாவை இண்டைக்கே சமாளிக்கிறாராம். நீங்கள் ஒண்டும் கதைக்காமல் இருந்தாக் காணும்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கதவின் பெயர்ப்பலகையை வாசித்தேன்.

"சரி," என்றார். "ஐஸ் இருக்கோ? தோள் கொஞ்சம் நோகுது."

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. தலைவர் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டாராம்: பேக்கரிக் கதை வெளி ஆட்களின் காதுக்குப் போகக்கூடாது. மண்டபத்தில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, ஊருக்காகத் தன் காலைக் கொடுத்த சம்பந்தி என்று அண்ணையை அறிமுகப்படுத்தினார். லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வந்த உறவினர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். முகாமில் அல்லேலூயா சொன்னவர்களும் எழும்பினார்கள். அண்ணை கும்பிட்டார். மேடைப் படியில் இறங்கும்போது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினார்.