புழுக்களும் ஒரு வாரத்து இறாலும்

நண்பரின் மீன்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, அவற்றின் தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்த புழுக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொன்றவன் நான். எண்பதுகளின் நடுவில், மாட்டுங்காவில், காப்பி குடித்துவிட்டு, முழு நினைவோடு செய்தேன்.

நண்பருக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கிருந்து ஒரு ஜோடி கடல் மீன்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து வளர்த்தவர். மகள் நிக்காஹுக்காக ஒரு மாதம் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. என் வீட்டில் கரண்ட் போகாது என்று நம்பி, தொட்டியைப் பவளக் கற்களோடு கைவண்டியில் அனுப்பினார். தினமும் நகமளவு இறால் போதும் என்றார். கல்லிடுக்குப் புழுக்களைப் பற்றியும் ஏதோ சொல்லவந்தார். நான் நூலகத்தில் படித்த இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு அவருக்கே பாடம் நடத்தியதில் அது நின்றுபோயிற்று.

எங்கள் வீட்டில் மீனை வேடிக்கை பார்க்கலாம். இறாலை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. ஆகவே, மனைவி கோயிலுக்குப் போகும் ஞாயிறு காலைகளில், வாரம் முழுவதற்குமான இறாலை மொத்தமாகத் தொட்டியில் போட்டுவிடுவேன். மீன்கள் அதைப் பங்குபோட்டு சனிக்கிழமைவரை ஓட்டிவிடும் என்று நினைப்பு.

மூன்றாவது வாரம் ஒரு மீன் செத்துக் கிடந்தது. அதன்மேல் ஏழெட்டுப் புழுக்கள், உடம்பெல்லாம் வெள்ளை ரோமத்தோடு, மொய்த்திருந்தன. கொலையாளிகளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அவற்றுக்குக் கை இல்லை என்பது வேறு விஷயம். மூன்று மாலைகள் விளக்கை அணைத்துக் காத்திருந்து, வெளியே வந்ததையெல்லாம் பொறுக்கினேன். முதல் நாள் வெறுங்கையால். ரோமம் கண்ணாடித் தூள்போல விரல்களில் ஏறி, ஆபீஸில் கையெழுத்துப் போடமுடியவில்லை. கேட்டவர்களிடம் கள்ளிச்செடி குத்திவிட்டது என்றேன்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல் இறால். புதன்கிழமை தண்ணீர் பாலாகக் கலங்கி, கூடம் முழுக்க நாறியது. இரண்டாவது மீனும் போயிற்று.

நண்பர் பாய் ஊரிலிருந்து கல்யாண மிட்டாயோடு வந்தார். எல்லாவற்றையும் புழு தின்றுவிட்டது என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் குனிந்து தண்ணீரை மோந்தார்.

"புழு தின்னா நாறாது சார். திங்க ஆளில்லன்னாதான் நாறும்."

அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. பொறுக்கிய கதை, ஞாயிற்றுக்கிழமை இறால், எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவியும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். மிட்டாயை மேஜைமேல் வைத்துவிட்டு, கற்களை மட்டும் ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் பட்டறைக்குப் போய், அதேபோல ஒரு ஜோடியை வரவழைத்துத் தருவதாகச் சொன்னேன். அவர் தோல் வெட்டிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

"வேண்டாம் சார். இன்னும் ரெண்டு பொம்பளப் புள்ளைய இருக்கு, கலியாணத்துக்கு ஊருக்குப் போவணும்லா. அப்பவும் உங்கள்ட்டதான விடணும்."