வெல்ல மண்டித் தராசில் ஏறிய அக்கா

அக்கா இல்லாத முதல் வருடத்தை ஒருவழியாகத் தள்ளிவிட்டோம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்தது. "கொஞ்சம் அடக்கமா எழுது, ஆரையும் சிரிக்க வச்சுப் போடாதே" என்று தம்பி எச்சரித்தான். அக்காவைப் பற்றி எழுதிவிட்டுச் சிரிக்க வைக்காமல் இருப்பது ஆகிற காரியமா? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மோகனூருக்கு மேற்கே காவிரிக் கரையை ஒட்டிய சிற்றூரில், எங்கள் பெற்றோருக்குத் தலைமகளாக அக்கா பிறந்தார். கரும்பும் வாழையுமாகக் கொஞ்சம் பண்ணையம். அக்காவுக்குப் பதினாறு வயதானபோது, எங்களுக்கு அடுத்துப் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்து அம்மா நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிழிந்த நாராகக் கிடந்தார். துணைக்கு இருந்தவர் அக்காதான். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, அதட்டிக் கஞ்சி குடிக்க வைத்த ஒரு நர்ஸம்மாவை அங்கே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாராம். அம்மா எழுந்து நடந்தே வீடு திரும்பினார். அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டார்.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் அப்பாவிடம் சொன்னார். எழுபதுகளின் பின்பாதி அது. எங்கள் பக்கத்துப் பண்ணையக்காரர் வீடுகளில் பெண் நர்ஸாவது என்பது யாரும் வாயில் எடுக்காத பேச்சு. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கேட்டதும் ஓடி வந்தார்.

"ஏன்டா, ஊரார் பீ மூத்திரம் அள்றதுக்கா புள்ளையப் பெத்தே? தை பொறந்ததும் என்ற பையனுக்குக் கட்டி வையி. பேச்சே முடிஞ்சுது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அம்மிணி, ஒரே ஒருக்கா எழுதிப் போடு. கெடைச்சா படி. கெடைக்கலீன்னா அத்தை சொல்ற மாதிரி தையில கல்யாணம். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

அக்கா "சரிங்கப்பா" என்றார். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. அதைப் படித்ததும்தான் அவர் முகம் வாடியது. நாற்பது கிலோ எடை இல்லாதவர்களைச் சேர்க்க மாட்டார்களாம். அக்காவோ காற்றடித்தால் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

வீட்டில் ஆள் நிறுக்கிற தராசு ஏது? மறுநாள் அப்பா எங்கள் கரும்பில் காய்ச்சிய வெல்லத்தைச் சிப்பம் சிப்பமாகக் கட்டி, மண்டியில் விற்க வண்டியில் ஏற்றியபோது அக்காவையும் ஏற்றிக்கொண்டார். நானும் தொற்றிக்கொண்டேன். மண்டியில் எங்கள் சிப்பங்களை நிறுத்து முடித்ததும் அந்தப் பலகைத் தராசிலேயே அக்காவை நிற்க வைத்தார்கள். மண்டிக்காரர் தராசுத் தண்டில் இருந்த குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தேழுங்க. ஏனுங்க, ஊட்டுல புள்ளைக்குச் சோறு கீறு போடறதில்லீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மாட்டைப் பூட்டி வண்டியைக் கிளப்பினார்.

இதைக் கேள்விப்பட்ட அத்தை மகிழ்வார் என்றுதான் நினைத்தோம். நடந்ததோ வேறு. "எடை கம்மின்னு திருப்பி அனுப்புனா என்ன பேசுவாங்க? இன்னார் ஊட்டுல சோத்துக்கில்லீன்னு பேசுவாங்க! படிக்கறது படிக்காதது அப்பறம். மொதல்ல இந்தக் குச்சிய உருட்டோணும்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் தினமும் நோம்பிதான், பண்டிகைச் சாப்பாடுதான். விடிந்ததும் நிலக்கடலையும் வெல்லமும். பத்து மணிக்குக் களியும் நெய்யும். எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் பூவன் பழச் சீப்பு ஒன்று. அத்தை வளர்த்த நாட்டுக்கோழிகள் ஒவ்வொன்றாகச் சாறாகி அக்காவின் வயிற்றுக்குள் போயின. அக்கா ஓடக்கூடாது, தண்ணீர் சேந்தக்கூடாது. அவர் பங்கு வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. கோழிச் சாறு மட்டும் என் பக்கம் வரவில்லை. ஊரே எங்கள் வீட்டை எட்டிப் பார்த்து, "எத்தனை ஏறுச்சுங்க?" என்று விசாரித்தது.

நேர்முகத்துக்கு முதல் நாள் மறுபடியும் மண்டி. முப்பத்தொன்பது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு கிலோ படிக்கல்லோடு வந்தார்.

"இதைய முந்தானையில முடிஞ்சுக்க சாமி. ஆரு பாக்கப் போறா?"

அக்கா அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டார். "நர்ஸாகப் போறவ கள்ளக் கல்லைக் கட்டிக்கிட்டா உள்ள போறதுங்க அத்தை? கெடைக்கலீன்னா உங்க ஊட்டுக்கே வாரேன், போங்க."

காலை முதல் பேருந்தில் அப்பா, அக்கா, நான் மூவரும் கிளம்பினோம். நாமக்கல்லில் இரண்டு பழம். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது அப்பா இறங்கி ஓடி இன்னும் இரண்டு பழம் வாங்கி வந்தார். "அப்பா, இதுக்கு மேல தின்னா வாந்திதானுங்க வரும்" என்றார் அக்கா. "வாந்தி கீந்தி எடுத்துப் போடாதே அம்மிணி, எடை போயிரும்!" என்று அப்பா அலறினார். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

சேலத்தில் வரிசையாகப் பெண்கள். ஒரு மூத்த நர்ஸ் தராசின் முள்ளைச் சைபருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். அப்பா கழுத்தை நீட்டி முள்ளையே பார்த்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"நாற்பத்திரண்டரை. இறங்கும்மா. அடுத்தது யாரு?"

அக்கா இறங்கவே இல்லை. அப்பா முன்னால் போய், "அம்மா, தப்பா நெனைக்காதீங்க, இன்னொருக்காப் போடுங்க" என்றார். எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களை அந்த நர்ஸ் பார்த்திருப்பார். கூடுகிறது என்று முறையிட்ட முதல் தகப்பன் எங்கள் அப்பாவாகத்தான் இருக்கும். மறுபடி போட்டார். அதே நாற்பத்திரண்டரை. நான் கைதட்டிக் குதித்தேன்.

கேள்விகளுக்கெல்லாம் அக்கா பதற்றமின்றிப் பதில் சொன்னாராம். அம்மாவைப் பார்த்துக்கொண்ட கதையைச் சொன்னபோது ஒரு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். திரும்பும் பேருந்தில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அப்பா விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் அக்காதான் கேட்டார்: "அப்பா, என்ற மேலயே மூணரைக் கிலோவக் காணோம். நம்ம வெல்லத்துல எத்தனை போயிருக்குமுங்க?"

"அதையத்தான் கண்ணு நானும் ரோசிக்கறேன்" என்றார் அப்பா.

விஷயம் தெரிந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "அப்ப மொத நாளே நாப்பது இருந்திருக்கறா! என்ற கோழியெல்லாம் எதுக்குடா செத்துது?"

அடுத்த சந்தை நாளில் மண்டி நிறைந்திருந்த நேரம் பார்த்து, அப்பா அக்காவைக் கூட்டிப்போய் அதே தராசில் நிறுத்தினார். முப்பத்தொன்பது. "ஆஸ்பத்திரித் தராசு நாப்பத்திரண்டரைங்குதுங்க. உங்க தராசு என்னமோ வேற சொல்லுதுங்களே?"

மண்டிக்காரர் அசரவில்லை. "பஸ்ஸுல போயிட்டு வந்ததுல புள்ளை எளச்சிருக்குமுங்க!"

இந்த முறை சிரித்தவர்கள் யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பண்ணையக்காரரும் தன் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அடுத்த சந்தைக்குள் அந்த மண்டியில் புதுத் தராசு வந்து உட்கார்ந்தது. அதற்கும் அடுத்த வாரம் சேலத்திலிருந்து கடிதம் வந்தது. அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் தெருவில் கத்திக்கொண்டே ஓடினேன். அத்தை மிச்சமிருந்த ஒரே கோழியையும் பிடித்துவிட்டார். அந்தச் சாற்றில் எனக்கும் பங்கு கிடைத்தது.

படிப்பை முடித்து, அத்தை மகனையே மணந்து, எண்பதுகளில் தம்மம்பட்டிப் பக்கம் அக்கா பணியாற்றினார். மழையானாலும் வெயிலானாலும் பிரசவம் என்றால் சைக்கிளோ, வண்டியோ, நடையோ, கிளம்பிவிடுவார். லாரித் தொழிலில் இருந்த அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, விபத்தில் காலமான பிறகும், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அந்த ஓட்டத்தை அவர் விடவில்லை. எந்தக் குழந்தையை நிறுத்தாலும் முதலில் முள் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எடை குறைந்த குழந்தையின் தாயை ஒருநாளும் பழித்துப் பேச மாட்டார். "தராசு சொல்றது சொல்லட்டும், பால் குடிக்குதான்னு பாரு கண்ணு" என்பார். அவர் கையில் பிறந்தவர்கள் பலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஓர் இளம் நர்ஸ் எடை பார்க்க வந்தார். "சைபர் வந்துருச்சான்னு பாத்தியா அம்மிணி?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா ஏறினார். முப்பத்தேழு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். "மண்டிக்காரரு சொன்ன எடைக்கு இப்பத்தான் வந்து சேந்திருக்கறேன். பாவம், அவரைய வீணாத் திட்டிப் போட்டமே!"

அக்காவைக் கண் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், செய்தி கேட்டதும் தம்மம்பட்டியிலிருந்து வண்டி பிடித்து வந்த தாய்மார்களுக்கும், அன்று அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைத் தோளில் சுமந்து சென்ற மாமா வீட்டுப் பங்காளிகளுக்கும் நன்றி. நீங்கள் திரும்பி வந்து, "கனமே இல்லீங்க, பூவாட்டம் இருந்தாங்க" என்று சொன்னீர்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனாலும் பங்காளிகளே, அந்த மண்டிக்காரருக்குப் பிறகு எங்கள் அக்காவின் எடையைத் தப்பாகச் சொன்னவர்கள் நீங்கள்தான்.