சங்கீத மேடைக்குக் கொடுத்த தெரு

எங்கள் தெருவைப் பழைய இடத்திலிருந்து எடுத்ததற்குக் காரணம் சங்கீதம். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து நாங்களாக இடம் மாறினோம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படியே தலைகீழ். இடம் மாறிய பிறகுதான் வெள்ளம் எங்களிடம் வந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஏரியோரமாக ஓர் ஊர், பெயர் வேண்டாம். கம்யூன் என்கிற ஊராட்சியின் தலைவரை மேர் என்போம், அவருடைய ஆபீசை மேரி என்போம். புதிதாகக் கட்டிய மேரிக்கு எதிரில், மேட்டில் இருந்தது எங்கள் தெரு. இருபது இருபத்தைந்து வீடுகள். எல்லாம் மாதா கோயிலைச் சேர்ந்த கூலிக் குடும்பங்கள்.

என் கணவர் கிளாரினெட் வாசிப்பவர். பிழைப்பு அதுவல்ல. பிழைப்பு மேருடைய கரும்புத் தோட்டத்தில். திருநாள், கல்யாணம், சாவு என்று வந்தால் கோயில் கொடுத்த வாத்தியங்களை எடுத்துக்கொண்டு ஆறு பேர் வெள்ளைச் சட்டையில் போவார்கள். மற்ற ஐந்து பேரும் சாப்பாட்டுக்காகப் போனார்கள் என்று சொன்னால் தப்பில்லை. இவர் அப்படியில்லை. வாசித்துவிட்டு வந்தால் அன்று முழுக்க யாரோடும் சண்டை போடமாட்டார். அதனாலேயே எனக்கு அந்த வாத்தியம் பிடிக்கும்.

ஒருமுறை கோயில் வேலையாகப் புதுச்சேரிக்குப் போனவர், கடலோரத்துச் சதுக்கத்தில் துரைமார்களுக்காக பேண்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். சோற்றைப் பிசைந்தபடியே அதைப் பற்றித்தான் பேச்சு.

"நடுவுல வட்டமா ஒரு மேடைமே. மேல கூர. எல்லா ரோடும் நேரா வந்து அங்கதான் சேருது. வாத்தியத்த நடுவுல வச்சிட்டு அத சுத்தி ஊரக் கட்னாப்ல கீது."

"நீ கிட்டப் போய்க் கேட்டியா?"

"மரத்தாண்ட நின்னு கேட்டேன். அங்கயே நல்லாக் கேட்டுச்சி."

அதே ஆசை மேருக்கும் இருந்திருக்கிறது. அவர் மரத்தடியில் நின்று கேட்டவர் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர். நம் ஊரிலும் ஒரு சதுக்கம் வேண்டும், நடுவில் மேடை வேண்டும், சாயங்காலத்தில் பெரிய மனிதர்கள் வாத்தியம் கேட்டபடி உலாவ வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். அந்த மாசியில் சங்கிலி பிடித்து அளக்கிறவர் வந்தார். எங்கள் வாசல்களில் முளை அடித்தார். என் கணவர் அவரிடம் கெஞ்சிக் கேட்டு வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். நடுவில் வட்டம், நான்கு பக்கமும் சாலை, சாலையோரம் மரங்கள்.

"எங்க வூடுங்க எங்கங்க?" என்று கேட்டாராம்.

"இந்தக் காகிதத்துல இல்லப்பா" என்றாராம் அளக்கிறவர். நல்ல மனிதர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாராம்.

எங்களுக்கென்று காட்டிய இடம் ஏரியின் உபரித் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் மாடுகூட அங்கே இறங்காது. தெருவே திரண்டு மேரி வாசலுக்குப் போனோம். பேச ஆளில்லாமல் என் கணவரை முன்னால் தள்ளினார்கள்.

"தண்ணி நிக்கிற எடம் ஆண்டே. புள்ளகுட்டிய வச்சிக்கினு அங்க எப்பிடி?"

மேர் கோபப்படவில்லை. சிரித்தார். "இன்னாடா, வாத்தியக்காரன் நீயே வேணாங்கிறியா? மேடயக் கட்னா மொதல்ல ஏறி ஊதப்போறவன் யாரு? நீதான்டா. டவுன்காரனுங்க வந்து ஒன்னக் கேக்கட்டும்."

என் கணவர் முதுகுக்குப் பின்னால்தான் நான் நின்றேன். அந்த முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு வீடு வீடாகப் போய்ப் பேசினார். வாய்க்காலுக்குக் கரை போடுவதாக மேர் சொல்லியிருக்கிறார், மேடை வந்தால் நம் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாத்தியம் வரும், நம்மை வேறு மாதிரி பார்ப்பார்கள் என்றார். கரை போடுவதாக மேர் சொல்லவே இல்லை. எனக்கு அது தெரியும். பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்து, "நெசமா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவர் மேடையில் நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. சம்மதக் காகிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது. மற்றவர்கள் ரேகை வைத்தார்கள்.

ஓலையையும் கழியையும் கதவையும் நாங்களே பிரித்துத் தலையில் சுமந்துபோனோம். மேடை கட்டும் வேலைக்கும் எங்கள் ஆட்களைத்தான் கூப்பிட்டார்கள். என் வீட்டு அடுப்பு இருந்த இடத்தில்தான் மேடைக்குக் கடைக்கால் தோண்டினார்கள். என் கணவர் அங்கே செங்கல் சுமந்தார். பகலில் சாப்பிட உட்காரும் நேரத்தில் வாத்தியத்தை எடுத்து, பிரெஞ்சுக் கொடியேற்றும்போது வாசிக்கிற பாட்டைப் பழகுவார். ஓர் இடத்தில் மூச்சுப் போதாமல் நின்றுவிடும். திரும்பவும் முதலிலிருந்து.

ஜூலை மாதத்தில் வரும் பிரெஞ்சுக்காரர் திருநாளன்று மேடையைத் திறந்தார்கள். புதுச்சேரி டவுனிலிருந்து பேண்டு வந்தது. நாற்காலிகள் போட்டு நிலக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆறு பேரும் தோய்த்த சட்டையோடு படியருகே போனபோது, உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து மேரிடம் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். மேர் இறங்கி வந்தார்.

"இவுங்க கீழ ஒக்காந்திருக்கசொல்ல நீங்க மேல நின்னா நல்லாருக்குமாடா? இன்னொரு நாளு பாத்துக்கலாம். அப்பிடி ஓரமா நில்லுங்க."

ஆறு பேரும் ஓரமாக நின்றார்கள். டவுன் பேண்டு வாசித்தது. நான் பெண்களோடு வெகுதூரத்தில் இருந்தேன். அங்கிருந்து அவருடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. வாத்தியத்தை வயிற்றோடு அணைத்தபடி ஓட்டைகளை மூடித் திறந்துகொண்டிருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது, இவர் திரும்பவும் மேரிடம் போய் நின்றார்.

"கீழ நின்னு ஊதேன். யாரு வேணாங்கிறாங்க?" என்றார் மேர்.

மற்ற ஐந்து பேரும் நகர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் தனியாக வாசித்தார். இரண்டு வரிகூட ஆகியிருக்காது. மாட்டு வண்டிக்காரன் ஒருவன் வழிவிடச் சொல்லிக் கத்தினான். இவர் வாத்தியத்தைக் கீழே இறக்கி வழிவிட்டார்.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. ஒரு விடியற்காலையில் வாய்க்கால் வழிந்து, நாங்கள் விழித்தபோது பாயோடு சேர்ந்து நனைந்திருந்தோம். பொழுது ஏறுவதற்குள் இடுப்பளவு. போக்கிடம் தெரியாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அங்கே கூரையுள்ள இடம் அந்த மேடைதான். ஏறினோம். மழையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த எங்களை மத்தியானத்துக்குள் மேரி சேவகர்கள் இறக்கிவிட்டார்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தூண் அழுக்காகிறதாம். கோயில் தாழ்வாரத்தில் ஒன்பது நாள் இருந்தோம்.

அங்கேதான் காய்ச்சல் வந்தது. தெருவில் மூன்று பிள்ளைகள் போயின. ஒன்று எங்கள் மகள். நான்கு வயது. பக்கத்து வீட்டுக்காரியின் மகனும் அதே வாரம். அவனைப் புதைத்துவிட்டு வந்தவள் நேராக என் கணவர் எதிரில் வந்து நின்றாள்.

"நீ ஊதறதுக்கு எங்க வூட்டயெல்லாம் குடுத்தியேய்யா."

அவர் தலையைக் குனியவில்லை. அவளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கன்னியர் பள்ளிக்கூடத்தில் நான் எழுதப் படிக்கக் கற்றிருந்தேன். மேட்டில் ஓர் ஓரத்தையாவது எங்களுக்குத் திருப்பித் தரவேண்டுமென்று மனு எழுதினேன். மூன்று முறை எழுதினேன். ஒரு முறை பதில் வந்தது, பிரெஞ்சில். மேரி எழுத்தர் படித்துச் சொன்னார்: வரைபடம் டவுனில் ஒப்புதலாகிவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை.

டவுன் பேண்டு அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு வரவேயில்லை. யாரும் உலாவவும் இல்லை. அவரவர்க்கு வயல் வேலை, மாட்டு வேலை. மேடையில் எருமூட்டைகளை அடுக்கினார்கள். அதற்கு எந்தச் சேவகரும் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் கிளாரினெட்டை மாதா கோயில் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டார். கரும்புத் தோட்டத்தையும் விட்டு, அரியாங்குப்பம் வழியாக நடந்து டவுன் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். பஞ்சு நெஞ்சில் இறங்கியது. வாசிக்கும்போது போதாத மூச்சு, பிறகு நடக்கவும் போதவில்லை. நான் சமாதானம் சொல்லப் பார்த்திருக்கிறேன். "அவங்கதானே ஏமாத்துனாங்க" என்பேன். "எனக்குத் தெரியும்மே. ஏமாத்துறாங்கன்னு அன்னிக்கே தெரியும்" என்று ஒருமுறை சொன்னார்.

யுத்தம் முடிவதற்கு முன் ஒரு கார்த்திகையில் அவர் இறந்தார். கல்லறைக்குப் போகும் பழைய தடம் சதுக்கத்துக்குள் போய்விட்டது. அந்தச் சாலையில் எங்கள் பிணம் போகக்கூடாது. எங்களுக்கென்று விட்ட வழி வாய்க்கால் ஓரம், அது தண்ணீருக்குள் கிடந்தது. மேரிக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். முடியாது என்றார்கள். பெட்டியைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பழைய ஐந்து பேரில் மூன்று பேர் வந்து கூடவே உட்கார்ந்தார்கள். வாத்தியம் கொண்டுவரட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மறுநாள் மத்தியானம் தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்தது. அப்போது தூக்கிக்கொண்டு போனார்கள்.