பதிவேட்டில் இல்லாத கக்கூஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு ரப்பர் கிடங்கில் எனக்குச் சின்னக் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா வேலை, கிடைத்தது. மூட்டை தூக்குகிறவர்கள், மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து பதினைந்து பேர் இருந்தோம். பதினைந்து பேருக்கும் ஒரே கக்கூஸ்தான். கொல்லையில் தகரக் கூரை போட்ட பலகை அறை. மிதிபலகையில் ஓர் ஓட்டை, அதற்குக் கீழே வாளி, வாளியை இழுத்தெடுக்கப் பின்சந்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உள்ளே போய், அதே மூச்சோடு வெளியே வந்துவிடப் பார்ப்போம். ஆனால் விடிந்தால் வாளி காலியாக இருக்கும். யார் காலி செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் வாளி காலியாகாமலே இருந்தது. மூன்றாம் நாள் நிரம்பி வழிந்து, மழைத்தண்ணீரோடு கலந்து கொல்லையெல்லாம் ஓடியது. புழு வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் ரயில் பாதைப் புதர்ப்பக்கம் போனார்கள். நான் கூச்சப்பட்டுக்கொண்டு, தங்கியிருந்த அறைக்கு நடந்து போய்வந்தேன். அரைமணி நேரம் ஆகும். நான்காம் நாள் பெரிய கிராணி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா போயிட்டு வர்றே?"

சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "நீதான் இங்கிலீஷ் நல்லா எழுதுவியே. துப்புரவு ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடு."

கக்கூசை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான்கு தாள் கிழித்தேன். ஒருவழியாக எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் இரண்டே வரியில் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் கக்கூஸ் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாற்றம் மேசை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. எதற்கும் எழுந்து போய்க் கொல்லையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பதிலை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். அங்கே இருந்த எழுத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். பெரிய பதிவேட்டைத் திறந்து விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார்.

"உங்கட கிடங்குக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடைக்கு ஒண்டு கிடக்கு. அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு ஒண்டு கிடக்கு. உங்களுக்கு இல்லை, தம்பி."

"நாங்க தினமும் அதுலதான் போறோம், சார்."

"நீங்க போகலாம். ஆனா புத்தகத்தில இல்லையே."

"அப்படின்னா இத்தனை வருஷமா யார் வாளி எடுத்தது?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். அனுமதியில்லாத கக்கூஸ் என்று எழுதி, கதவில் பலகை வைத்து ஆணி அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். முறையிட்டவனே குற்றவாளி ஆனது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பெரிய கிராணி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஒரு மூட்டைக்காரர் மட்டும், "நாறுனாலும் ஒண்ணு இருந்துச்சு கிராணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாளி எடுத்தவர் யார் என்கிற கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, துப்புரவு வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் போய், எங்கள் பின்சந்துக்கு வருகிறவர் யார் என்று விசாரித்தேன். கடைசி வீட்டைக் காட்டினார்கள். அங்கே ஒருவர், ஐம்பது வயது இருக்கும், காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தார். தகரம் கிழித்துச் சீழ் வைத்துவிட்டதாம். நான் யார் என்று சொன்னதும் அவர் பயந்துபோனார்.

"அது என் லிஸ்டுல இல்லைங்க. எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"பக்கத்துக் கடை வாளிய எடுக்கப்போனா இது ரொம்பிக் கெடக்கும். மொத நாளு எடுத்தேன். மறுநாளும் ரொம்பிக் கெடந்துச்சு. ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்றது" என்றார்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷம் இருக்குங்க. இப்ப வர்ற ஆளு லிஸ்டுல உள்ளத மட்டும் எடுக்குறான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது."

அவர் மனைவி ஒரு முக்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் உட்காரவில்லை. அவசரமாகப் போகவேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன அவசரம்? அவர்கள் செய்யும் வேலையை நினைத்தா, சாதியை நினைத்தா, இல்லை, வெட்கத்தில் கால் மடங்கவில்லையா, எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய கிராணியிடம் நடந்ததைச் சொன்னேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இத வெளிய சொல்லிடாதே. அனுமதி இல்லாத வாளியத் தொட்டான்னு அவன் வேலை போயிடும். நமக்கும் ஆறு வருஷத்துக்கு அபராதம் போடுவாங்க."

அவர் யாருக்காகப் பேசினார் என்று தெரியவில்லை. நானும் யாருக்காகப் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. துப்புரவு அலுவலக எழுத்தரை அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தேன். "கண்டுபிடிச்சீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இரண்டு மாதம் புதர்ப்பக்கம் போனோம். பிறகு முதலாளி விண்ணப்பம் போட்டு, சிமெண்டுத் தரையோடு புதிதாக ஒன்று கட்டினார். கதவில் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதினார்கள். கிராணி எழுதிய கடிதத்தால்தான் வந்தது என்று மூட்டை தூக்குகிறவர்கள் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஒருநாள் சரக்கு வரும் என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிடங்குக்குப் போயிருந்தேன். பின்சந்தில் சின்னக் கதவு சாத்தும் சத்தமும், ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தமும் கேட்டன. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் பெயரை நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கவில்லை. அண்ணே என்று கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றிப்போய்ப் பார்த்தபோது, வாளி வண்டி சந்து முனையைத் தாண்டிவிட்டது.