புகார்ப் பெட்டி உள்ளே இருக்கிறது

அலுவலகத்தில் அவளுக்கு வெடியக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இணையதளம் கட்டிக்கொடுக்கிற அந்தச் சின்ன அலுவலகத்தில் நாற்பதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அவள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மற்றவர்களுக்குப் பால் பல்லே விழுந்திருக்காது. பெயருக்குத்தான் வெடி. கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள், கீபோர்டைத் தட்டுகிற சத்தம் மட்டும் கூடும். அது கூடினால் பக்கத்து மேஜைக்காரர்கள் டீ குடிக்கிற சாக்கில் கீழே இறங்கிவிடுவார்கள்.

அவள் தொழில் கற்றது டெலிபோன் லைனில் இணையம் வந்த காலத்தில். வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு, லைன் அறுந்துவிடும். ஒரு படம் திறக்க வேண்டுமானால் முதலில் நெற்றி வரும், அப்புறம் மூக்கு வரும், வாய் வருவதற்குள் பார்ப்பவனுக்குக் கொட்டாவி வந்துவிடும். அவளுடைய முதல் வாடிக்கையாளர் ஒரு சைக்கிள் கடைக்காரர். கடையில் உள்ள அத்தனை சைக்கிளுக்கும் போட்டோ போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவள் வாதாடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்து, அவருடைய பக்கத்தை அவரையே திறக்கச் சொன்னாள். இரண்டாவது சைக்கிளுக்குப் பின்சக்கரம் வருவதற்குள் மனுஷன் எழுந்துவிட்டார். கடை நேரமும் போன் நம்பரும் இருந்தால் போதும்மா என்றார். வந்தவனைக் காக்கவைக்காதே என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டது அவர் மட்டுமல்ல.

அதற்கப்புறம் எத்தனையோ வந்துவிட்டது. லைன் வேகமானது, போன் கைக்குள் வந்தது, கேமரா வந்தது, வரைபடம் வந்தது. வந்ததெல்லாம் நல்லதற்குத்தான் என்று அவளும் சந்தோஷப்பட்டவள்தான். பக்கத்து ஊருக்குப் போகிற பஸ் எங்கே வருகிறது என்று நடந்துகொண்டே பார்க்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? அவளுக்கு ஆத்திரம் வந்தது வேறு இடத்தில். வேகம் கூடக்கூட, தொழில்காரர்கள் இணையப் பக்கத்தின் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று ஒருவன் கேட்டால், முதலில் நீ எங்கே இருக்கிறாய் சொல் என்கிறது அந்தப் பக்கம். சொன்னால், உனக்கு அடிக்கடி செய்தி அனுப்பட்டுமா என்கிறது. வேண்டாம் என்றால், நிஜமாகவே வேண்டாமா என்று இன்னொரு தரம் கேட்கிறது. வழி கேட்டவனின் சட்டைப்பையைத் துழாவுகிற ஊர் எங்கேயாவது உண்டா? அதற்குள் கடையே மூடிவிடும்!

ஆகவே அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மேஜை இழுப்பறையில் மூலை உடைந்த ஒரு பழைய போன் கிடக்கும். தளம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்கு இறங்குவாள். சிக்னல் ஏறுவேனா என்று அடம்பிடிக்கிற இடம் அது. அங்கே நின்று திறந்து பார்ப்பாள். திறந்தால்தான் தளம் வெளியே போகும். அந்தப் போனுக்கு அலுவலகத்தில் மாமியார் என்று பெயர். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் குறை சொல்லும், அதனால்.

மாமியார் ஒரு குறையும் சொல்லாத தளம் ஒன்று உண்டு. டயாலிசிஸ் சென்டருக்கு அவள் கட்டிக்கொடுத்தது. வெறும் வெள்ளைப் பக்கம். பெயர், போன் நம்பர், காலையா மதியமா, அடியில் ‘வேறு ஏதாவது சொல்லணுமா?’ என்று ஒரு பெட்டி, ஒரு பொத்தான். அவ்வளவுதான். அழுத்தினால் நாற்காலி உறுதியாகிவிடும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை அந்த நாற்காலியில் சாய்ந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு போகிறார்கள். தன் தம்பியே ஒருநாள் அங்கே சாய்வான் என்று கட்டும்போது அவள் கனவிலும் நினைக்கவில்லை. தம்பி மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்த சென்டரில் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம், இந்தப் பக்கம் எங்கக்கா செஞ்சது என்று பெருமையடித்துக்கொள்வதும் அவன்தான்.

அந்தப் பக்கத்துக்குத்தான் கேடு வந்தது. சென்டரை நடத்துகிற டாக்டருக்கு ஆப் வேண்டுமாம். எல்லாரும் ஆப்புக்குப் போய்விட்டார்களாம். முதலாளி அதை ஏதோ சுபசெய்தி மாதிரி வந்து சொன்னார். செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், பழைய பக்கமும் ஓரமாக இருக்கட்டும் என்றாள் வெடியக்கா. முதலாளி சிரித்தார். பக்கம் இருந்தால் எவன் ஆப்பை இறக்குவான் என்று கேட்டார். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தினால்தான் ஜனம் ஆட்டோவில் ஏறும் என்கிற கணக்கு! இதற்குப் பெயர் முன்னேற்றமாம். நோயாளியை வைத்தா இந்த விளையாட்டு என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதின சங்கு.

ஆப்பைச் செய்தது பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரன். கெட்டிக்காரப் பையன், மரியாதை தெரிந்தவன், அவனைக் குற்றம் சொல்ல அவளுக்கே மனம் வராது. மாமியாரில் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டாள்.

“மாமியார்ல இறக்கவே விட மாட்டேங்குதுக்கா. ரொம்பப் பழசு. ஆனா நம்ம போன் எல்லாத்துலயும் சூப்பரா ஓடுதே,” என்றான்.

நம்ம போன்ல ஓடுதே! இந்தத் தொழிலின் தலைவலியே இந்த மூன்று வார்த்தைதான். போன வருஷப் போனை இந்த வருஷம் மாற்றுகிறவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் போனை ஒருவன் வாங்கிப் பார்த்து, உலகம் முழுக்க ஓடுகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே அதைச் செய்கிறார்கள். கடைசியில் பழைய பக்கத்தைத் திறக்கிறவர்களை ஆப் இறக்குகிற இடத்துக்குத் தள்ளிவிடுகிற ஒரு வரியை எழுதச் சொல்லி அவளுக்கே உத்தரவு வந்தது. வேலை என்று வந்துவிட்டோம், எழுதினாள். அன்றைக்கு அலுவலகம் முழுக்க டீ குடிக்கப் போயிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி கேக் வெட்டினார். டாக்டரிடமிருந்து அறிக்கை வந்திருந்ததாம்: ஆப் வந்ததிலிருந்து புகார் பூஜ்யம். ஒன்றே ஒன்றுகூட இல்லை. பழைய பக்கத்தில் வாரத்துக்கு நாலு பேராவது அடிப்பெட்டியில் ஏதாவது முணுமுணுத்திருப்பார்கள். ஆப்பில் வாயே திறக்கவில்லை, அத்தனை திருப்தி. கேட்டீங்களா மேடம் என்று ஒரு துண்டை அவள் கையிலும் வைத்தார். நாம்தான் வீணாகக் குதித்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கேக்கைத் தின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மின்விசிறி நின்றுபோனது. மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். எழுந்து வரவில்லை, உட்கார்ந்தபடியே கையை நீட்டினான். அப்போதுதான் அவன் காலைப் பார்த்தாள். அவன் செருப்பு ஓரமாகக் கிடந்தது. மகனுடைய பெரிய செருப்புக்குள்ளும் வீங்கின கால் முழுசாக நுழையாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட்டுவிட்டுப் பேசினான்.

டயாலிசிஸுக்குப் போகிறாயா இல்லையா என்று கேட்டாள். போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றான். அப்புறம் ஏன் இப்படி என்றதற்கு, மோட்டாரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவள் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நாற்காலி பதிவு பண்ண முடியவில்லை. தினம் விடிகாலையில் போய் சென்டர் வாசல் பெஞ்சில் உட்காருகிறான். ஆப்பில் பதியாதவர்களுக்கு நாற்காலி கிடையாதாம்; ஏதாவது காலியாகவே கிடந்தால், வெகுநேரம் காக்கவைத்துவிட்டு உள்ளே கூப்பிடுவார்கள். சில நாள் கூப்பிடுவார்கள், சில நாள் இல்லை. போன வாரம் ஒரு தடவைதான் கிடைத்தது.

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ செஞ்சது தானேக்கா அது. அதுல போய் நான் என்ன குறை சொல்றது? எனக்குத்தான் அழுத்தத் தெரியல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம்தான் கோணல். இந்தப் பைத்தியக்காரன் தனக்கு ஆடத் தெரியவில்லை என்கிறான். அவன் போனை வாங்கிப் பார்த்தாள். மாமியாரைவிட ஒரு வயது கூட இருக்கும். ஆப்பை இறக்கப் போனால் முடியாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் முடியாது, வேறு என்ன செய்யலாம், யாரைக் கேட்கலாம், ஒன்றும் கிடையாது. அக்கா கட்டிய வீட்டு வாசலில் தம்பி நின்றுகொண்டிருக்கிறான், உள்ளே கேக் வெட்டுகிறார்கள்.

மறுநாள் காலையில் அவனோடு சென்டருக்குப் போனாள். வாசல் பெஞ்சு நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை, கையில் ஒரு பழைய போன். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தால் நாற்காலிகள் சில காலியாக இருந்தன. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் போய், இத்தனை பேருக்கு ஆப் வேலை செய்யவில்லையே, யாருமே புகார் கொடுக்கவில்லையா என்று கேட்டாள். அந்தப் பெண் பாவம், நல்லவிதமாகவே பதில் சொன்னாள்.

“கம்ப்ளெயின்ட் எல்லாம் ஆப்லதான் மேடம். உள்ள போனீங்கன்னா கடைசில ‘உதவி’ன்னு இருக்கும், அதுல எழுதணும். நாங்க பேப்பர்ல வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

வெடியக்கா திரும்பி அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். உள்ளே நுழைய முடியவில்லை என்ற புகாரை உள்ளே நுழைந்துதான் கொடுக்க வேண்டும்! அதனால்தான் பூஜ்யம். அதற்குத்தான் கேக். இதை ஒரு பாவி யோசித்துச் செய்திருந்தால்கூட ஆறியிருப்பாள். யாருமே யோசிக்கவில்லை, அதுதான் அவளைக் கொன்றது. படித்த படிப்பென்ன, வாங்கிய கணினியென்ன, அத்தனை பேர் கூடி, பூட்டின வீட்டுக்குள் சாவியைத் தொங்கவிட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

அலுவலகத்துக்குப் போனதும் அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பழைய பக்கம் அப்படியே இருந்தது, யாரும் அழிக்கவில்லை. தான் எழுதிய அந்த ஒற்றை வரியைத் தானே எடுத்தாள். பதிவுகள் பழையபடி சென்டருக்கும் போகிற மாதிரி இணைத்தாள். மாமியாரோடு படிக்கட்டுக்கு இறங்கித் திறந்து பார்த்தாள். திறந்தது. பழைய பக்கம் திறக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்லச் சொல்லி வரவேற்புப் பெண்ணுக்கு மட்டும் போன் பண்ணினாள். அப்புறம் முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னாள்.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள், டாக்டர் குதிப்பாரே, இதுவரை ஒரு புகாராவது வந்திருக்கிறதா என்று ஆரம்பித்தார்.

“வராது சார். வரமுடியாதபடி கட்டியிருக்கோம்,” என்றாள். “டாக்டர் கேட்டா நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க. என்னைத் துரத்தணும்னா துரத்துங்க. ஆனா அந்தப் பக்கத்தை மூடுற வரியை இனிமே என் கையால எழுத மாட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியேயிருந்து கண்ணாடிக்காரன், அக்கா இங்கே வாங்க என்று கூப்பிட்டான். பதிவுகள் வந்துகொண்டிருந்தன. முதலாளியும் எழுந்துவந்து அவர்களுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பெயர், நம்பர், காலை. பெயர், நம்பர், மதியம். அடிப்பெட்டியிலும் எழுதியிருந்தார்கள். திட்டித்தான் எழுதியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராகவும் இருந்தாள். ஒருவர்கூடத் திட்டவில்லை. வீட்டில் பிள்ளைகள் இல்லை, எனக்கு இதெல்லாம் தெரியாது, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று ஒரு அம்மா எழுதியிருந்தாள். வயசாகிவிட்டது, மெதுவாகத்தான் புரிகிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று ஒருவர். கேக் தின்றவர்களிடம் பட்டினி கிடந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதற்குக் கீழே தம்பியின் பெயர் வந்தது. நாளைக் காலை நாற்காலி உறுதி. பெட்டியில் எழுதியிருந்தான்: இத்தனை நாளா தப்பா அழுத்திட்டு இருந்திருக்கேன், மன்னிக்கணும், இன்னைக்கு சரியா அழுத்திட்டேன்.

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். முதலாளி அறைக்குத் திரும்பி, டாக்டருக்குப் போன் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டார், என்ன பேசினார் என்று கேட்கவில்லை. வெடியக்காவுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு அறை அறையலாம் போல இருந்தது, முதலில் தன்னை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“டேய், நீ ஒரு தப்பும் பண்ணல. எப்பவும் சரியாத்தான் அழுத்தின. நாங்கதான்டா உன்னை உள்ள விடாம கதவைச் சாத்திட்டோம். புரியுதா?”

“விடுக்கா,” என்றான் அவன். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் ஒரு குஷி இருந்தது. “அதான் இப்ப கத்துக்கிட்டேன்ல. பக்கத்துல இருக்கிற பெரியவருக்கும் எப்படி அழுத்தணும்னு சொல்லிக் குடுத்துட்டேன்.”